டெக்ஸில் சின்ன வியாபாரிக்கு நியாய விலை கிடைப்பது எப்படி: வேகம், வரிசை, மறைவு பற்றிய முழுமையான வழிகாட்டி

ஏற்காட்டிலிருந்து தம்பி ஒருவன் இரவு பத்து மணிக்கு மேல் அழைத்தான். காபித் தோட்டக் குடும்பத்துப் பையன், சின்ன வயதிலிருந்தே தெரியும். "அண்ணா, கீழ சேலத்துல உங்களுக்கெல்லாம் ஃபைபர் நெட் இருக்கு. இங்க மழை வந்தா சிக்னலே ஆடுது. டெக்ஸ்ல ஸ்வாப் போட்டா காட்டுற விலை ஒண்ணு, கைக்கு வர்றது ஒண்ணு. என் நெட் மெதுவா இருக்கிறதுனாலதானே இப்படி?" என்றான்.

டெக்ஸ் என்பது நடுவில் நிறுவனம் இல்லாமல், நிரல் வழியாகவே கிரிப்டோ டோக்கன்களை மாற்றும் சந்தை. அங்கே ஒரு டோக்கனைக் கொடுத்து இன்னொன்று வாங்குவதுதான் ஸ்வாப். அவன் நெட் மீது தப்பே இல்லை. செவ்வாய்ப்பேட்டையில் நல்ல ஃபைபர் இணைப்போடு உட்கார்ந்து நானும் இதே மாதிரி பணம் விட்டிருக்கிறேன். அன்று அவனுக்குப் போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து, அவனைப் போல ஐயாயிரம், பத்தாயிரம், ஒரு லட்சம் என்று டெக்ஸில் மாற்றுகிற எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். கிரிப்டோ வாங்கலாமா வேண்டாமா என்பது உங்கள் முடிவு, அதில் நான் தலையிடவில்லை. மாற்றுவது என்று முடிவு செய்துவிட்டால், நடுவில் நிற்கும் எவனுக்கோ காசு போகாமல் மாற்றுவது எப்படி என்பது மட்டும்தான் விஷயம்.

வேகம் என்று எதைச் சொல்கிறோம்

நீங்கள் ஸ்வாப் பொத்தானை அழுத்தி, கிரிப்டோவைக் கையாளும் செயலியான வாலட்டில் உறுதி செய்ததும் உங்கள் பரிவர்த்தனை நேராக, மாற்றுவதற்கான டோக்கன்கள் கிடக்கும் பூலுக்குப் போய்விடுவதில்லை. எத்தீரியம் என்ற பிளாக்செயினில், அதாவது பொதுப் பதிவேட்டில், அது முதலில் மெம்பூல் என்ற பொதுத் திண்ணைக்கு வருகிறது. காத்திருக்கும் பரிவர்த்தனைகள் எல்லாம் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எந்த டோக்கன், எவ்வளவு தொகை, எவ்வளவு விலை ஏறினாலும் பரவாயில்லை என்று நீங்கள் ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள், எல்லாம் அதில் வெட்டவெளிச்சமாக எழுதியிருக்கும்.

2022 செப்டம்பரில் எத்தீரியம் புதிய முறைக்கு மாறியதிலிருந்து 12 விநாடிக்கு ஒரு பிளாக், அதாவது பரிவர்த்தனைகளின் ஒரு கட்டு, என்று கணக்கு. அந்த 12 விநாடிக்குள் யார் பரிவர்த்தனை முதலில், யாருடையது அடுத்தது என்ற வரிசையை பிளாக்கைக் கட்டுபவர் தீர்மானிக்கிறார். பில்டர் என்று அவருக்குப் பெயர். யார் முதலில் வந்தார் என்பதைப் பார்த்து அவர் வரிசைப்படுத்த வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. அதிகக் காசு தருபவரை முன்னால் வைக்கலாம்.

இப்போது ஏற்காட்டுத் தம்பியின் கேள்விக்கு வருவோம். மலைமேல் இருந்து அவன் அனுப்பியது அரை விநாடி தாமதமாகப் போயிருக்கலாம். 12 விநாடிக் கூண்டுக்குள் அந்த அரை விநாடியால் பெரிய மாற்றம் வராது. அவனுக்குப் பின்னால் வந்தவன் பில்டருக்குக் காசு கொடுத்து அவனுக்கு முன்னால் போய் நின்றதுதான் மாற்றம். நம்மால் நம் நெட்டை எவ்வளவு வேகமாக்கினாலும் இதில் ஜெயிக்க முடியாது. எதிரில் இருப்பது மெம்பூலை ஓயாமல் படித்துக்கொண்டே இருக்கும் பாட், தானாக ஓடும் நிரல். அதோடு ஓட்டப்பந்தயம் ஓடுவதை முதலில் விட்டுவிட வேண்டும். உங்கள் ஆர்டர் அதன் கண்ணில் படக்கூடாது, பட்டாலும் அதற்கு லாபம் மிஞ்சக்கூடாது. கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு படியும் இந்த இரண்டில் ஒன்றுக்குத்தான்.

வரிசையை மாற்றி எடுக்கும் இந்த லாபத்துக்கு எம்இவி என்று பெயர். பில் டயானும் சக ஆய்வாளர்களும் 2019-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில்தான் அந்தச் சொல் வந்தது. எல்லா எம்இவியும் கெட்டதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு டெக்ஸ்களில் விலை வேறாக இருந்தால் ஒன்றில் வாங்கி இன்னொன்றில் விற்பவர்கள் விலையைச் சமன் செய்கிறார்கள், அவர்களால் நமக்குத் தொல்லை இல்லை. நம் காசை நேராக எடுப்பது சாண்ட்விச், அதாவது நமக்கு முன்னால் வாங்கி, நமக்குப் பின்னால் விற்று, நம்மை நடுவில் சிக்கவைப்பது.

எனக்கு நடந்தது, அதன் கணக்கு

ஒரு சின்ன டோக்கன் வாங்கப் போனேன். ஸ்வாப் தோற்றுக்கொண்டே இருந்தது. ஒரு குழுவில் கேட்டேன். "ஸ்லிப்பேஜை 12 வைங்க, போயிடும்" என்றார்கள். காட்டிய அளவிலிருந்து எத்தனை சதவீதம் குறைந்தாலும் சம்மதம் என்று நாம் வைக்கும் எல்லைதான் ஸ்லிப்பேஜ். 12 வைத்தேன். உடனே போய்விட்டது. கைக்கு வந்த டோக்கனை எண்ணிப் பார்த்தால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. சந்தை இறங்கியிருக்கும் என்று நினைத்து விட்டுவிட்டேன். மறுநாள் எத்தீரியப் பதிவேட்டைக் காட்டும் தளமான ஈதர்ஸ்கேனில் அந்த பிளாக்கைத் திறந்து பார்த்தபோதுதான் புரிந்தது. என் பரிவர்த்தனைக்கு நேர் மேலே ஒரு வரி, அதே டோக்கனை ஒருவர் வாங்கியிருக்கிறார். நேர் கீழே இன்னொரு வரி, அதே டோக்கனை ஒருவர் விற்றிருக்கிறார். இரண்டு வரியிலும் ஒரே முகவரி. மூன்றும் ஒரே பிளாக், அடுத்தடுத்த எண்கள். நடுவில் நான்.

இது எப்படி லாபமாகிறது என்று எண்ணில் பார்த்தால்தான் அடுத்து வரும் படிகளுக்கு அர்த்தம் இருக்கும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

யூனிஸ்வாப் மாதிரி டெக்ஸில் விற்பவர், வாங்குபவர் நேருக்கு நேர் சந்திப்பதில்லை. பூல் ஒன்றில் இரண்டு டோக்கன்கள் கிடக்கும். இரண்டின் அளவையும் பெருக்கினால் வரும் எண் மாறக்கூடாது என்பதுதான் அடிப்படை வாய்ப்பாடு. ஒரு பக்கம் போட்டால் மறுபக்கம் குறையும், அதனால் விலை ஏறும். ஒரு பூலில் ஒன்று ஏறத்தாழ ஒரு டாலர் மதிப்புள்ள யூஎஸ்டிசி 1,00,000, வேறு டோக்கன் 1,00,000 இருப்பதாக வைத்துக்கொள்வோம். பூல் கட்டணத்தை இப்போதைக்கு விடுங்கள். நீங்கள் 1,000 யூஎஸ்டிசி போட்டால் 990 டோக்கன் வர வேண்டும். ஸ்லிப்பேஜ் 5 சதவீதம் என்று வைத்திருக்கிறீர்கள். அப்படியென்றால் 940.6 டோக்கன் வந்தாலும் எனக்குச் சம்மதம் என்று எழுதிக் கொடுத்துவிட்டீர்கள்.

பாட் அதைப் படிக்கிறது. உங்களுக்குச் சரியாக 940.6 மட்டும் மிஞ்சும்படி, உங்களுக்கு முன்னால் 2,611 யூஎஸ்டிசிக்கு வாங்குகிறது. விலை ஏறிவிட்டது. பிறகு உங்கள் ஆர்டர் நடக்கிறது, உங்களுக்கு 940.6. உங்கள் காசால் விலை இன்னும் ஏறுகிறது. பாட் தன் டோக்கனை உடனே விற்று 2,661 யூஎஸ்டிசி எடுத்துக்கொள்கிறது. ஒரே பிளாக்குக்குள் 50 யூஎஸ்டிசி லாபம். அந்த 50 எங்கிருந்து வந்தது? உங்களுக்கு வர வேண்டிய 990-க்கும் வந்த 940.6-க்கும் உள்ள இடைவெளிதான் அது.

இப்போது ஸ்லிப்பேஜை 0.5 சதவீதமாகக் குறைத்து அதே கணக்கைப் போடுங்கள். பாட் 252 யூஎஸ்டிசிக்கு மேல் முன்னால் வாங்க முடியாது, வாங்கினால் உங்கள் ஆர்டர் ரத்தாகிவிடும். லாபம் 5 யூஎஸ்டிசிதான். அதில் போகவரப் பூல் கட்டணம், இரண்டு பரிவர்த்தனைக்குக் கேஸ் என்ற பிளாக்செயின் கட்டணம், பில்டருக்குத் தர வேண்டிய பங்கு எல்லாம் போக ஒன்றும் மிஞ்சாது. பாட் உங்களை விட்டுவிட்டு அடுத்த ஆளைத் தேடிப் போகும்.

படி 1: பூல் ஆழமா என்று பாருங்கள்

ஸ்வாப் திரையில் விலைத் தாக்கம் என்று ஒரு எண் காட்டும். நீங்கள் வாங்குவதாலேயே விலை எவ்வளவு நகர்கிறது என்பது அது. ஸ்லிப்பேஜ் வேறு, இது வேறு. நிறையப் பேர் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள். மேலே சொன்ன பூலில் 1,000 யூஎஸ்டிசிக்கு ஏறத்தாழ 1 சதவீதம் தாக்கம். பூல் பத்து மடங்கு பெரிதாக இருந்தால் 0.1 சதவீதம்தான்.

என் அளவுகோல்: தாக்கம் 0.5 சதவீதத்தைத் தாண்டினால் நிறுத்திவிட்டு யோசிப்பேன். தொகையைப் பிரித்து இடைவெளி விட்டு மாற்றலாம், வேறு பூல் தேடலாம், பல பூல்களில் பிரித்து வாங்கித்தரும் அக்ரிகேட்டரில் போடலாம். 3 சதவீதம், 5 சதவீதம் என்று காட்டினால் அந்த டோக்கனில் வெளியே வருவதும் அதே மாதிரி கஷ்டம் என்று பொருள். அதை வாங்காமல் இருப்பதே மேல்.

படி 2: ஸ்லிப்பேஜை நீங்களே வையுங்கள்

ஸ்வாப் திரையின் மூலையில் சக்கரம் போல ஒரு குறி இருக்கும். அதைத் தொட்டால் ஸ்லிப்பேஜ் வரும். தானியங்கி என்று இருப்பதை எடுத்துவிட்டு எண்ணைக் கையால் எழுதுங்கள்.

யூஎஸ்டிசி, யூஎஸ்டிடி மாதிரி இரண்டுமே டாலர் நாணயமாக இருந்தால் 0.05 முதல் 0.1 சதவீதம் போதும். எத்தீரியத்தின் நாணயமான ஈதர், பிட்காயின் வகைகளுக்கும் டாலர் நாணயத்துக்கும் இடையே 0.3 முதல் 0.5. சின்ன டோக்கனுக்கு 1. அதற்கு மேல் கேட்கிறதென்றால் ஏன் கேட்கிறது என்று பார்க்க வேண்டும். சில டோக்கன்கள் ஒவ்வொரு பரிமாற்றத்திலும் தமக்கு வரி பிடிக்கும், ஸ்லிப்பேஜ் அந்த வரியை விடக் குறைவாக இருந்தால் ஸ்வாப் போகவே போகாது. அப்படிப்பட்ட டோக்கனை நான் தொடுவதில்லை.

ஸ்லிப்பேஜைக் குறைத்தால் சில சமயம் ஸ்வாப் தோற்கும். தோற்றால் கேஸ் கட்டணம் வீண் என்பது உண்மை. அதற்குப் பயந்துதான் எல்லோரும் ஸ்லிப்பேஜை ஏற்றுகிறார்கள். அடுத்த படியில் அதற்கும் வழி இருக்கிறது.

சதவீதத்தை விட முக்கியமானது, அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் 'குறைந்தபட்சம் கிடைக்கும்' என்ற தொகை. ஸ்வாப்பை நடத்தும் பிளாக்செயின் நிரலான ஒப்பந்தத்தில் போய்ச் சேர்வது அந்த எண்தான். கையெழுத்துப் போடும் முன் அதைச் சத்தமாக ஒரு தடவை படியுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 2025 மார்ச்சில் ஒருவர் யூனிஸ்வாப் பூல் ஒன்றில் சுமார் 2,20,000 டாலர் மதிப்புள்ள யூஎஸ்டிசியை யூஎஸ்டிடியாக மாற்றப் போனார். கைக்கு வந்தது 5,300 டாலருக்கும் குறைவு. மீதி சாண்ட்விச்சில் போனது. இரண்டுமே ஒரு டாலர் நாணயங்கள். குறைந்தபட்சத் தொகை சரியாக எழுதியிருந்தால் அந்தப் பரிவர்த்தனை நடந்தே இருக்காது, ரத்தாகியிருக்கும்.

படி 3: துண்டுக்குள் விலை பேசுங்கள்

நம் பக்கத்து மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். சுற்றி நூறு பேர் நின்றாலும் என்ன விலை என்று விற்பவருக்கும் வாங்குபவருக்கும் மட்டும்தான் தெரியும். பேரம் முடிந்த பிறகுதான் வெளியே வரும். முன்னாலேயே தெரிந்தால் நடுவில் புகுந்து கெடுக்க ஆள் வரும் என்பது அந்த மனிதர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும்.

வாலட்டில் அந்தத் துண்டுக்குப் பெயர் தனியார் ஆர்பிசி. ஆர்பிசி என்பது உங்கள் வாலட் எந்த வாசல் வழியாகப் பிளாக்செயினோடு பேசுகிறது என்பதைக் குறிக்கும் முகவரி. பொது வாசலில் போட்டால் மெம்பூல் திண்ணைக்குப் போகும். தனியார் வாசலில் போட்டால் திண்ணைக்கு வராமல் நேராக பில்டர்களிடம் போகும்.

எத்தீரியத்தில் பலரும் பயன்படுத்துவது இரண்டு: ஃபிளாஷ்பாட்ஸ் புரொடெக்ட், எம்இவி பிளாக்கர். முதலாவதில் ஒரு பெரிய வசதி, தோற்கும் பரிவர்த்தனையைப் பிளாக்கிலேயே சேர்க்க மாட்டார்கள், அதனால் கேஸ் வீணாகாது. படி 2-இல் சொன்ன பயம் இதில் தீர்ந்துவிடுகிறது, ஸ்லிப்பேஜைத் தைரியமாக இறுக்கிப் பிடிக்கலாம். இரண்டாவதில், உங்கள் பரிவர்த்தனைக்குப் பின்னால் மட்டும் விலைச் சமன் செய்ய விட்டு, அதற்காகத் தரப்படும் தொகையில் 90 சதவீதத்தை உங்களுக்கே திருப்பித் தருகிறார்கள்.

சேர்ப்பது இப்படி. அந்தச் சேவையின் அதிகாரபூர்வ தளத்துக்கு, முகவரியை நீங்களே எழுத்து எழுத்தாகப் பார்த்துப் போங்கள். தேடலில் மேலே வரும் விளம்பரத்தைத் தொடாதீர்கள், போலிகள் அங்கேதான் இருக்கும். வாலட்டில் சேர்க்கும் பொத்தான் ஒன்று இருக்கும். அழுத்தினால் வாலட் புதிய நெட்வொர்க்கையோ ஆர்பிசி முகவரியையோ சேர்க்கட்டுமா என்று கேட்கும். செயின் எண் 1 என்று காட்ட வேண்டும், எத்தீரியத்தின் எண் அதுதான். சம்மதம் கொடுங்கள். அப்புறம் வாலட்டில் எத்தீரியத்துக்கு அந்த வாசல்தான் தேர்வாகி இருக்கிறதா என்று திரும்ப ஒரு முறை பாருங்கள். சேர்த்துவிட்டுப் பழைய வாசலிலேயே ஸ்வாப் போடுபவர்கள் நிறைய. இந்த வேலை எதிலும் வாலட்டையே திறந்துவிடும் உங்கள் 12 சொல் ரகசியம் தேவைப்படாது. கேட்டால் அது திருட்டுத் தளம், மூடிவிடுங்கள்.

மெட்டாமாஸ்க் வாலட் வைத்திருப்பவர்களுக்கு அமைப்புகளில் ஸ்மார்ட் டிரான்ஸாக்‌ஷன்ஸ் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. அதுவும் இதே வகை வேலையைத்தான் செய்கிறது. தனியாக ஆர்பிசி சேர்ப்பது சிரமமாகத் தோன்றினால் அதையாவது போட்டு வையுங்கள்.

இதற்கு ஒரு விலை உண்டு. எல்லா பில்டரும் உங்கள் பரிவர்த்தனையைப் பார்ப்பதில்லை என்பதால், அடுத்த பிளாக்கில் சேராமல் இரண்டு மூன்று பிளாக் தள்ளிப் போகலாம். அரை நிமிடம், ஒரு நிமிடம் ஆகலாம். தம்பி இதைக் கேட்டதும், "மெதுவாகுமா?" என்று பதறினான். ஆமாம், மெதுவாகும். அந்த அரை நிமிடத்துக்குக் கூலியாக உங்கள் விலை உங்களுக்கே கிடைக்கிறது. இன்னொன்று, திண்ணையில் இருக்கும் அத்தனை பேரை நம்புவதற்குப் பதிலாக அந்த வாசல்காரரை நம்புகிறீர்கள். அதனால்தான் நீண்ட நாளாக வெளிப்படையாக நடந்துவரும் சேவையை மட்டும் சொன்னேன்.

படி 4: வரிசையே இல்லாத இடத்துக்குப் போங்கள்

அப்பா ஆத்தூர் பக்கம் சேகோ ஆலையில் கணக்கு எழுதியவர். ஜவ்வரிசி மூட்டை போகிற இடமெல்லாம் சின்ன வயதில் அவரோடு போயிருக்கிறேன். சேகோசர்வ் பற்றிச் சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1981-இல் பதிவான, ஜவ்வரிசி ஆலைக்காரர்களின் கூட்டுறவுச் சங்கம். மாதிரியை எல்லா வியாபாரியும் பார்ப்பார்கள், விலையை ரகசிய டெண்டரில் போடுவார்கள். ஒருவர் என்ன எழுதினார் என்பது இன்னொருவருக்குத் தெரியாது. யார் முதலில் ஓடி வந்தார் என்பதற்கும் அங்கே மதிப்பு இல்லை, நேரம் முடிந்ததும் எல்லாம் ஒன்றாகத்தான் திறக்கும். ஆலைக்காரருக்கு நியாய விலை கிடைக்க இந்த ஒரு ஏற்பாடு எவ்வளவு உதவியது என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

டெக்ஸிலும் அதற்குப் பக்கத்தில் வரும் ஒரு முறை இருக்கிறது. தொகுதி ஏலம் என்று சொல்லலாம். பங்குச் சந்தைக்கே இது வேண்டும் என்று எரிக் புடிஷ் முதலிய பொருளாதார அறிஞர்கள் 2015-இல் வெளியிட்ட கட்டுரையில் வாதிட்டிருக்கிறார்கள். தொடர்ந்து ஓடும் வரிசையில் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு முந்துவதற்காக எல்லோரும் பணம் கொட்டுகிறார்கள், ஆர்டர்களைக் குறித்த இடைவெளியில் சேர்த்து ஒரே விலையில் முடித்தால் அந்த ஓட்டத்துக்கே அர்த்தம் இருக்காது என்பது அவர்கள் வாதம்.

கவ் ஸ்வாப் என்ற தளம் இந்த அடிப்படையில் நடக்கிறது. அங்கே நீங்கள் பரிவர்த்தனை அனுப்புவதில்லை. 'இவ்வளவு யூஎஸ்டிசி தருகிறேன், குறைந்தது இவ்வளவு ஈதர் வேண்டும்' என்று ஒரு சீட்டில் கையெழுத்து மட்டும் போடுகிறீர்கள். அந்தக் கையெழுத்துக்குக் கேஸ் இல்லை. சீட்டுகள் ஒரு தொகுதியாகச் சேரும். சால்வர் எனப்படும் போட்டியாளர்கள், யார் நமக்கு நல்ல விலை தருவது என்று ஏலம் கேட்கிறார்கள். நீங்கள் ஈதர் வாங்க, நான் விற்க வந்திருந்தால் பூலுக்கே போகாமல் நம் இருவரையும் நேராக இணைத்துவிடலாம். ஒரே தொகுதியில் ஒரே ஜோடியை ஒரே பக்கமாக மாற்றுபவர்களுக்கு ஒரே விலை. அப்படி இருக்கையில் வரிசையில் முந்தி என்ன ஆகப்போகிறது? நீங்கள் கேட்ட குறைந்தபட்சத்தை விடக் கூடுதலாகக் கிடைத்தால் அதிலும் உங்களுக்குப் பங்கு வரும். பூலில் போய் வாங்க வேண்டி வந்தால் சாண்ட்விச் ஆபத்து சால்வர் தலையில், உங்கள் சீட்டில் எழுதிய தொகைக்குக் குறைவாக அவர் தரவே முடியாது.

யூனிஸ்வாப்பின் யூனிஸ்வாப்எக்ஸ் 2023 ஜூலையிலும், ஒன்இன்ச் என்ற அக்ரிகேட்டரின் ஃப்யூஷன் 2022 டிசம்பரிலும் வந்தவை. அவை தொகுதி ஏலம் இல்லை, விலை மேலிருந்து மெல்ல இறங்கிவர, முதலில் ஒப்புக்கொள்பவர் நிறைவேற்றும் வகை. கையெழுத்துச் சீட்டு என்ற அளவில் இவையும் பாதுகாப்பானவை.

செய்யும்போது கவனிக்க வேண்டியது: முதல் முறை ஒரு டோக்கனை விற்கும்போது அப்ரூவல், அதாவது அந்த டோக்கனை உங்கள் வாலட்டிலிருந்து எடுக்க அனுமதி, கேட்கும், அதற்குப் பெரும்பாலும் கேஸ் ஆகும். எவ்வளவுக்கு அனுமதி என்று கேட்டால் வரம்பில்லாமல் கொடுக்காமல், மாற்றப்போகும் தொகையை மட்டும் எழுதுங்கள். அவசரம் இல்லாதபோது, இந்த விலை கிடைத்தால் மட்டும் மாற்று என்னும் லிமிட் ஆர்டர் போட்டு விட்டுவிட்டுக் காபி குடிக்கப் போங்கள். நான் இப்போது எத்தீரியத்தில் மாற்றுவதில் பெரும்பகுதி இப்படித்தான்.

படி 5: எந்தச் செயினில் மாற்றுவது

பத்தாயிரம் ரூபாய்க்கு எத்தீரியம் முதன்மைச் செயினில் ஸ்வாப் செய்தால், கூட்டமான நாளில் கேஸே கணிசமாகத் தின்றுவிடும். எத்தீரியத்தின் மேல் கட்டிய, ஆர்பிட்ரம், பேஸ் போன்ற இரண்டாம் அடுக்குச் செயின்களில் 2024 மார்ச் மேம்பாட்டுக்குப் பிறகு கட்டணம் மிகவும் குறைந்துவிட்டது. அங்கே சீக்வென்ஸர் என்ற ஒரே கணினி அமைப்பு வரிசையைத் தீர்மானிக்கிறது. காத்திருக்கும் ஆர்டர்களை வெளியாட்கள் பார்க்கும் திண்ணை இல்லை. அதனால் மேலே சொன்ன மாதிரி சாண்ட்விச் போடுவது அங்கே கடினம்.

வேகப் போட்டி மட்டும் ஒழியவில்லை. ஆர்பிட்ரத்தில் 2025 ஏப்ரலில் டைம்பூஸ்ட் என்ற ஏற்பாடு வந்தது. நிமிடத்துக்கு ஒரு ஏலம் நடக்கும், ஜெயிப்பவர் விரைவுப் பாதையில் போகலாம், மற்ற எல்லோருக்கும் 200 மில்லி விநாடி தாமதம். நமக்கு இதனால் நேரடி நஷ்டம் குறைவு, ஏனென்றால் ஏலத்தில் ஜெயித்தவராலும் நம் ஆர்டரை முன்கூட்டிப் பார்க்க முடியாது. ஆனால் செய்தி வந்தவுடன் ஓடிப்போய் வாங்கி லாபம் பார்க்கலாம் என்ற எண்ணம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். அந்த ஓட்டம் காசு கட்டியவர்களுக்கானது.

இரண்டாம் அடுக்கிலிருந்து முதன்மைச் செயினுக்கு டோக்கனை நகர்த்தும் அதன் சொந்தப் பாலம் வழியாகத் திரும்ப எடுக்க ஏறத்தாழ 7 நாள் ஆகும் என்பதையும் நினைவில் வையுங்கள். சீக்கிரம் எடுத்துத் தரும் வேறு பாலங்கள் கட்டணம் வாங்கும்.

சோலானா என்ற வேறு பிளாக்செயினில் ஏறத்தாழ 400 மில்லி விநாடிக்கு ஒரு ஸ்லாட், அதாவது ஒரு பிளாக்குக்கான நேரம். எத்தீரியம் போலப் பொது மெம்பூல் அங்கே இல்லை. அதனால் பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள், அது சரியில்லை. ஜிட்டோ என்ற அமைப்பு நடத்திவந்த மெம்பூல் சேவையை, சாண்ட்விச் தொல்லை காரணமாகவே 2024 மார்ச்சில் நிறுத்தினார்கள். அதற்குப் பிறகும் தனி வழிகளில் நடக்கிறது. சோலானாவில் மாற்றுபவர்கள் அக்ரிகேட்டரின் அமைப்புகளில் எம்இவி பாதுகாப்பு ஸ்விட்சைப் போட்டுக்கொண்டு, ஸ்லிப்பேஜை இறுக்கிப் பிடியுங்கள். அங்கே புதிதாக முளைக்கும் டோக்கன்களுக்கு 20, 30 சதவீதம் வைக்கச் சொல்லும் வீடியோக்களை நம்ப வேண்டாம்.

படி 6: கேஸ், மாட்டிக்கொண்ட பரிவர்த்தனை

2021 ஆகஸ்டிலிருந்து எத்தீரியத்தில் கேஸ் இரண்டு பகுதி. அடிப்படைக் கட்டணம் எரிக்கப்பட்டுவிடும், முன்னுரிமைக் கட்டணம் பிளாக்கில் சேர்ப்பவருக்குப் போகும். அடிப்படைக் கட்டணம் ஒரு பிளாக்குக்கு அதிகபட்சம் 12.5 சதவீதம்தான் ஏறவோ இறங்கவோ முடியும். எனவே கட்டணம் எகிறிக் கிடந்தால் கொஞ்ச நேரம் காத்திருங்கள். முன்னுரிமைக் கட்டணத்தை அள்ளிக் கொடுப்பதால் சாண்ட்விச்சிலிருந்து தப்ப முடியாது, பாட் உங்களை விட ஒரு படி அதிகம் கொடுக்கும்.

பரிவர்த்தனை மாட்டிக்கொண்டால் பதறி இரண்டாவது ஸ்வாப் போடாதீர்கள், இரண்டும் நடந்துவிடும். வாலட்டில் ரத்து அல்லது வேகப்படுத்து என்ற பொத்தானை அழுத்துங்கள். அதே வரிசை எண்ணோடு, கூடுதல் கட்டணத்தில் புதியது போய்ப் பழையதை மாற்றிவிடும்.

படி 7: வரிக் கணக்கு

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் தள்ளிப்போடாதீர்கள். 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன்மேல் செஸ். ஒரு டோக்கனைக் கொடுத்து இன்னொரு டோக்கன் வாங்குவதும் விற்பனைதான், ரூபாய் கைக்கு வராவிட்டாலும். வாங்கிய விலையைத் தவிர வேறு செலவைக் கழிக்க முடியாது. ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது. சாண்ட்விச்சில் போன காசுக்கு அரசாங்கமும் ஆறுதல் தராது என்பது இதன் பொருள். 2022 ஜூலை முதல் 1 சதவீத டிடிஎஸ்ஸும் உண்டு. டெக்ஸில் அதைப் பிடித்துக் கட்ட நடுவில் நிறுவனம் இல்லாததால், உங்கள் விஷயத்தில் எப்படிச் செய்வது என்று ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஸ்வாப் செய்த அன்றே தேதி, பரிவர்த்தனை எண், கொடுத்தது, வாங்கியது, அன்றைய ரூபாய் மதிப்பு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். மார்ச் கடைசியில் உட்கார்ந்து தேடினால் ஒன்றும் கிடைக்காது.

படி 8: முடிந்த பிறகு பிளாக்கைத் திறந்து பாருங்கள்

இதை யாரும் செய்வதில்லை. நானும் அந்த நஷ்டத்துக்கு முன்பு செய்ததில்லை. ஐந்து நிமிட வேலை.

வாலட்டில் அந்தப் பரிவர்த்தனையைத் தொட்டு ஈதர்ஸ்கேனுக்குப் போங்கள். பிளாக் எண்ணும், அதற்குள் உங்கள் இடம் எத்தனையாவது என்பதும் இருக்கும். பிளாக் எண்ணைத் தொட்டு, உங்களுக்கு முன்னும் பின்னும் உள்ள பரிவர்த்தனைகளைத் திறந்து பாருங்கள். இரண்டிலும் ஒரே முகவரியோ ஒரே ஒப்பந்தமோ இருந்து, உங்கள் டோக்கனையே முன்னால் வாங்கிப் பின்னால் விற்றிருந்தால் சாண்ட்விச்தான். பின்னால் மட்டும் ஒருவர் இருந்தால் அது விலைச் சமன், உங்கள் காசு போகவில்லை. அப்புறம் திரை காட்டிய எதிர்பார்ப்புத் தொகை, குறைந்தபட்சம், கைக்கு வந்தது மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் குறைந்தபட்சத்தை ஒட்டியே வருகிறதென்றால் எங்கோ கசிகிறது. வாசல் மாறியிருக்கிறதா என்று படி 3-க்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள்.

போன வாரம் தம்பி இரண்டு படம் அனுப்பினான். ஒன்றில் அவன் பரிவர்த்தனை இருந்த பிளாக். மேலே யாரோ யாருக்கோ பணம் அனுப்பியது, கீழே சம்பந்தமே இல்லாத வேறொரு ஒப்பந்தம். இன்னொன்றில் அவன் நோட்டு: எதிர்பார்ப்பு 412.60, குறைந்தபட்சம் 410.54, வந்தது 412.48, ஆன நேரம் 41 விநாடி. மலையில் அன்று நல்ல மழை, சிக்னல் இரண்டு கோடுதான் இருந்தது என்று கீழே எழுதியிருந்தான்.